மக்காச்சோளம் லாரி ஏறும் ஊரில் வரகுச் சோறு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண் மீள்வதற்கு என்ன வேண்டும்?

தை பிறந்துவிட்டால் பெரம்பலூர் மாவட்டத்தின் கிராமச் சாலைகள் மஞ்சள் நிறமாகிவிடுகின்றன. அறுவடையான மக்காச்சோளத்தைக் காயவைக்கக் களம் போதாமையால் தார்ச்சாலையின் பாதி அகலம் வரை மணிகள் பரப்பப்பட்டிருக்க, கதிரடிக்கும் இயந்திரத்திலிருந்து கிளம்பும் சக்கைத் தூசி வேலியோரச் சீமைக்கருவேலத்தின் மேல் படிந்திருக்க, தலையில் துண்டைச் சுற்றிய பெண்கள் வெறுங்காலால் அளைந்து மணிகளைப் புரட்டிவிடுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் மூட்டை பிடிக்கப்படும் அந்தத் தானியத்தின் பெரும்பகுதி லாரி ஏறி, நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளுக்கான தீவன ஆலைகளைச் சென்றடைகிறது. அதே சாலையின் எதிர்த்திசையில், திருச்சி காந்தி மார்க்கெட்டில் விடியற்காலையில் ஏற்றப்பட்ட தக்காளியும் முட்டைகோசும் சரக்கு ஆட்டோக்களில் ஊர்க்கடைகளை நோக்கி வருகின்றன.

இந்த இரு வண்டிகளும் ஒன்றையொன்று கடந்து செல்லும் காட்சிக்குள்தான் இரு மாவட்டங்களின் வேளாண்மைச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. மக்காச்சோளம் கோழிக்கும், பருத்தி நூற்பாலைக்கும் செல்ல, அவற்றை விளைவித்த வீட்டின் அடுப்புக்கு அந்த நிலத்திலிருந்து வருவது மிகக் குறைவாகவே உள்ளது. இரசாயனம் தவிர்த்த சாகுபடியைப் பற்றிய பேச்சு அரசு மேடைகளிலும் உழவர் கூட்டங்களிலும் இன்று வலுத்திருந்தாலும், அந்தப் பேச்சு பெரும்பாலும் உரத்திலும் பூச்சிமருந்திலும் நின்றுவிடுகிறது. விளைந்ததை யார் உண்பது என்ற கேள்விக்கு விடை காணாமல் மண்ணை மட்டும் மீட்க முடியாது என்பதை இப்பகுதியின் அனுபவம் தெளிவாகவே காட்டுகிறது.

மீளுருவாக்க வேளாண்மை என்ற சொல் இங்கே விளக்கம் கோருகிறது. அமெரிக்காவின் ராபர்ட் ரோடேல் 1980-களில் பரவச்செய்த இக்கருத்து, இரசாயனத்தை விலக்குவதோடு நிறைவடையாமல், ஆண்டுக்கு ஆண்டு மண்ணின் உயிர்ப்பும் நீர்ப்பிடிப்பும் உயர்கின்றனவா என்பதையே அளவுகோலாகக் கொள்கிறது. தமிழ்நாட்டில் இதே நோக்கத்தை இயற்கை வேளாண்மை என்ற பெயரில் ஊர் ஊராகக் கொண்டுசென்றவர் கோ. நம்மாழ்வார் (1938–2013). 1960-களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், மழையை மட்டும் நம்பிய ஏழை உழவருக்கு அங்கு நடந்த ஆய்வுகள் உதவவில்லை என்று கண்டு வேலையை விட்டு வெளியேறினார். கோவில்பட்டியும் கரிசல் பூமி, பெரம்பலூரும் கரிசல் பூமி என்பதால், அவர் அன்று எழுப்பிய கேள்வி இந்த மண்ணுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கடல் விட்டுச்சென்ற மண்

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைதான் பின்னாளில் இம்மாவட்டத்தைச் சிமெண்ட் ஆலைகளின் ஊராக்கியது. அக்கடலின் உயிரினப் படிமங்கள் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் உழவருக்கு அந்தப் பழங்கடல் வேறொரு வகையில் அன்றாடம் தென்படுகிறது. சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண் காரத்தன்மை கொண்டது. அத்தகைய மண்ணில் மணிச்சத்தும் துத்தநாகமும் இரும்பும் இருந்தாலும் அவை வேருக்கு எட்டாதபடி பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. மக்காச்சோளத்தின் இளம் இலைகளில் வெளிறிய பட்டைகள் தோன்றும்போது உழவர் கடைக்குச் சென்று துத்தநாக சல்பேட் வாங்கி இடுகிறார், அடுத்த ஆண்டு மறுபடியும் வாங்குகிறார்.

தழையும் சாணமும் மட்கும்போது உண்டாகும் கரிம அமிலங்களும், அவற்றை உண்டு பெருகும் நுண்ணுயிர்களும் இந்தப் பூட்டைத் திறக்கும் இயற்கையான சாவிகள் ஆகும். தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி ஆகிய பசுந்தாள் பயிர்களை விதைத்துப் பூக்கும் தருவாயில் மடக்கி உழுவதும், ஏரி வண்டலை அடிப்பதும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. இராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கமாகிய பொன்னேரியும் கண்டிராதித்தம் செம்பியன் மாதேவிப் பேரேரியும் இருக்கும் மாவட்டத்தில் வண்டல் என்பது தலைமுறைகளாக நிலத்துக்குத் திரும்பி வந்த சத்தாகவே இருந்தது. யூரியா மூட்டை வந்த பிறகுதான் வண்டல் ஏற்றி வந்த வண்டிப்பாதை புல் முளைத்துப் போனது.

▪ பெட்டிச் செய்தி: மண்வள அட்டையை எப்படிப் படிப்பது?
மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அட்டையில் உள்ள 12 அளவுகளில் உழவர் முதலில் பார்க்க வேண்டியது கரிமச்சத்து, அதாவது மட்கிய உயிர்ப்பொருளின் அளவு. 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் இருந்தால் மிகுதி. பெரம்பலூரில் வாலிகண்டபுரம் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் நிலையமும், அரியலூரில் சோழமாதேவி கிரீடு வேளாண் அறிவியல் நிலையமும் மாவட்ட உழவர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் அளிக்கும் இடங்களாகும்.

மானாவாரியின் தண்ணீர்க் கணக்கு

கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர்ப் பகுதியை நீக்கிவிட்டால் இரு மாவட்டங்களிலும் மானாவாரிச் சாகுபடியே பரவலானது; மானாவாரி என்பது பாசனம் இன்றி மழையை மட்டுமே நம்பி விளைவிப்பதாகும். பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு மழைக்காலத்தில் மட்டுமே ஆறாக இருக்கிறது. ஆகவே இங்கு தண்ணீரைத் தேக்கும் முதல் அணை வயலின் மண்ணே ஆகும்.

ஒரு ஏக்கர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். வெறுமையாகக் கிடக்கும் கரிசல் நிலத்தில் மழைத்துளியின் அடியில் மேல்மண் குழைந்து மெழுகியதுபோல் மூடிக்கொள்ள, அந்த நீரில் பெரும் பங்கு மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. கோடை உழவு செய்து, சரிவுக்குக் குறுக்கே பாத்தி வரப்பு போட்டு, அறுவடைத் தட்டையைக் கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்பிய நிலத்திலோ அதே மழை உள்ளிறங்குகிறது. மூடாக்கு என்பது மண்ணின் மேல் சருகும் தட்டையும் போர்த்திவிடும் முறை. வெயிலுக்கும் மழையடிக்கும் இடையே அது ஒரு கூரையாக நிற்கிறது. கார்த்திகைக்குப் பிறகு மழை நின்று இருபது நாள் கடந்த நிலையில், மூடாக்கை விலக்கி விரலால் தோண்டினால் இரண்டு அங்குல ஆழத்தில் குளிர்ச்சியும் மண்புழுவின் உருண்டை எச்சமும் தென்படும் வயலுக்கும், பாளம் பாளமாக வெடித்து வேரை அறுத்துக்கொண்டிருக்கும் அடுத்த வயலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை.

இங்கு விதைநெல் தட்டுப்பாட்டை விடப் பெரிய தட்டுப்பாடு சாணம். உழவு மாடுகள் போய் டிராக்டர் வந்ததும், மக்காச்சோளத் தட்டையை மேயவிடாமல் மடக்கி உழுவதோ எரிப்பதோ வழக்கமானதும், தொழுவுரத்தை விலைக்கு வாங்கும் நிலையைக் கொண்டுவந்தன. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் போன்ற கரைசல்கள், அதாவது சாணம், கோமியம், வெல்லம் முதலியவற்றை ஊறவைத்து நுண்ணுயிர்களைப் பெருக்கும் தயாரிப்புகள், கொஞ்சம் சாணத்தைக் கொண்டு நிறைய நிலத்தைச் சமாளிக்க உதவுகின்றன என்றாலும் உண்பதற்குத் தழைப்பொருளே இல்லாத மண்ணில் நுண்ணுயிர்களைக் கொண்டுபோய் ஊற்றுவதால் மட்டும் பயன் விளையாது. ஆட்டுக்கிடை போடுதல், அதாவது அறுவடை முடிந்த வயலில் மந்தையை இரவில் அடைத்து எருவைச் சேர்க்கும் பழைய ஏற்பாடு, இதனாலேயே மீண்டும் பேசப்படுகிறது. மந்தை மேய்க்கும் கீதாரிகளுக்குக் கூலியாகப் பணமோ நெல்லோ கொடுத்துக் கிடை கட்டிய வயலில் அடுத்த போகத்தின் பச்சையே வேறாக இருக்கும் என்பதை டெல்டாவை ஒட்டி வாழ்வோர் நன்கறிவர்.

இரண்டு எச்சரிக்கைகள்

2002-இல் மரபணு மாற்றப்பட்ட பிடி பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தபோது பூச்சிமருந்துத் தேவை குறையும் என்ற எதிர்பார்ப்பே மேலோங்கியிருந்தது. ஆனால் 2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த தொழிலாளர்கள் நச்சேறி இறந்த செய்தி நாட்டை உலுக்கியபோது, அதே பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்தும் மருந்தடித்தவர்கள் மயங்கி விழுந்த, உயிரிழந்த செய்திகள் வந்தன. தோளுயரம் வளர்ந்து அடர்ந்த செடிகளுக்கிடையில், காற்றோட்டம் இல்லாத வெயிலில், வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு விசைத்தெளிப்பானைச் சுமந்து நடக்கும் கூலித் தொழிலாளி இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்த புகைமூட்டத்துக்குள்தான் மூச்சுவிடுகிறார். பூச்சிமருந்தைப் பற்றிய விவாதம் உண்பவரின் உடல்நலத்தை மட்டும் பேசும்போது இவர் விடுபட்டுப்போகிறார். நஞ்சில்லா வேளாண்மையின் முதல் பயனாளி இவரே என்பது அழுத்திச் சொல்லப்பட வேண்டும்.

அடுத்த ஆண்டே இரண்டாவது அடி விழுந்தது. 2018-இல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு சில மாதங்களிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள் புகுந்து, பெரம்பலூர், அரியலூர் வயல்களில் குருத்துக்குள் அமர்ந்து சல்லடையாகத் தின்றது. அரசு நிவாரணம் வழங்க நேர்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர், ஒரே வயதில் நிற்கும் நிலப்பரப்பு அப்புழுவுக்கு விரித்த விருந்தாக அமைந்தது. அதன்பின் வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைத்த ஒருங்கிணைந்த முறையில், கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைத்து நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இடமளிப்பதும், இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. இயற்கை வழி உழவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த கலப்புப் பயிர் என்ற கருத்து, ஒரு புழுவின் வழியாக அதிகாரபூர்வப் பரிந்துரைக்குள் நுழைந்தது.

கலப்புப் பயிரின் இன்னொரு விளைவு அடுக்களையில் தெரிகிறது. துவரை, மொச்சை, அவரை, வரப்பில் ஆமணக்கு, வேலியில் பீர்க்கும் சுரையும் நிற்கும் புன்செய் நிலத்தில் களையெடுக்கச் செல்லும் பெண் மாலையில் மடிநிறையப் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கொண்டுவருவார். களைக்கொல்லி அடித்த மக்காச்சோள வயலில் அந்தக் கீரைகள் களை என்ற பெயரிலேயே கருகிப்போயின. எந்த உற்பத்திக் கணக்கிலும் ஏறாத, விலையற்ற இந்த உணவின் இழப்பை ஈடுசெய்யத்தான் இன்று சந்தையில் பத்து ரூபாய்க்குக் கீரைக்கட்டு வாங்கப்படுகிறது.

சின்ன வெங்காயம் என்னும் கடினக் கேள்வி

செட்டிகுளம் வட்டாரச் சின்ன வெங்காயத்தைத் தவிர்த்துவிட்டுப் பெரம்பலூரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. ஏக்கருக்கு 600 கிலோ அளவில் விதைக்காய் ஊன்றப்படும் பயிர் இது. விலை உச்சத்தில் இருக்கும்போது விதைக்கே பெரும் முதல் முடங்குகிறது. தொடர்மழை பிடித்தால் தாள்கள் முறுக்கிச் சுருண்டு சாயும் திருகல் நோய் பரவி, சில நாள்களில் வயல் அழுகிவிடுகிறது. டிரைக்கோடெர்மா என்னும் நன்மைப் பூசணத்தால் விதைநேர்த்தி செய்வதும், மேட்டுப்பாத்தியில் நடுவதும், வெங்காயத்துக்குப் பின் வெங்காயம் போடாமல் பயிர்சுழற்சி செய்வதும் சேதத்தைக் குறைக்கின்றனவே தவிர, அடைமழை ஆண்டில் அவை முழுக் காப்பாவதில்லை. கடன் வாங்கி வெங்காயம் ஊன்றியவரிடம் மருந்தை நிறுத்தச் சொல்வது எளிதல்ல என்பதை இயற்கை வேளாண்மை பேசுவோர் ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும்.

திடீர் மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு அண்டை நாடே சான்றாக இருக்கிறது. இலங்கை அரசு 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடைசெய்து, விளைச்சல் வீழ்ந்து, உழவர்கள் தெருவுக்கு வந்தபின் அதே ஆண்டின் இறுதிக்குள் தடையைத் தளர்த்தியது. அங்கே மண்ணுக்குத் தயாராக எருவும் இல்லை, உழவருக்குப் பயிற்சியும் இல்லை, இடைக்கால இழப்பைத் தாங்கும் ஏற்பாடும் இல்லை. இந்தியாவின் அங்ககச் சான்றிதழ் விதிகளே ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு மாறுதல் காலம் என்று வகுத்திருக்கின்றன. அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையக்கூடும், விளைந்ததற்கு இயற்கை விளைபொருள் என்ற விலையும் கிடைக்காது. உழவர் தனியாகத் தாண்ட வேண்டிய பள்ளம் இதுவே.

வரகின் ஏழு உறை

கோயில் கோபுரக் கலசங்களில் வரகை நிரப்பிவைக்கும் வழக்கமும், அது பன்னிரண்டு ஆண்டுகள் கெடாது என்ற நம்பிக்கையும் தமிழகம் அறிந்தவை. பெரம்பலூர், அரியலூர் மேட்டுநிலங்களும் அதையொட்டிய விருத்தாசலம் பகுதியும் வரகின் பழைய தாயகங்கள். ஆடியில் விதைத்தால் தைக்குள் அறுவடைக்கு வரும், உரம் கேட்காத, வறட்சிக்கு அஞ்சாத இப்பயிர் நிலத்தைவிட்டு வெளியேறியதற்குக் காரணம் வயலில் இல்லை, உரலில் இருக்கிறது. ஏழு உறை என்று வழக்கில் சொல்லப்படும் அளவுக்கு இறுகிய உமியை நீக்க, மண் பூசிய திருகையில் அரைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி எடுக்க வேண்டும். அந்த வேலை முழுவதும் பெண்களின் தோளில் இருந்தது. ரேஷன் அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையை மூலையில் சாய்த்ததில் குறைசொல்ல எதுவுமில்லை.

ஆகவே வரகு திரும்ப வேண்டுமானால் இயந்திரம் முதலில் வர வேண்டும். கல் நீக்கி, தரம் பிரித்து, உமி நீக்கும் சிறு தொகுதி ஒன்று பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்கு நடுவே இல்லையென்றால், விளைந்த வரகு மூட்டையாகத் தொலைவு சென்று, அரிசியாகிப் பளபளப்பான பொட்டலத்தில் பல மடங்கு விலையுடன் திரும்பி வருகிறது. அந்த விலையில் அதை விளைவித்த குடும்பம் வாங்குவதில்லை. ஒடிசா அரசு 2017-இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தில் உமி நீக்கும் இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்து, கேழ்வரகைக் கொள்முதல் செய்து, ரேஷனிலும் அங்கன்வாடியிலும் கொடுத்தது இந்த முடிச்சைச் சரியான இடத்தில் அவிழ்த்த முயற்சியாகும்.

▪ பெட்டிச் செய்தி: விலைப் பட்டியலில் இல்லாத தானியம்
மத்திய அரசு 2025–26 பருவத்துக்கு மக்காச்சோளத்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். சிறுதானியங்களில் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றுக்கு மட்டுமே ஆதரவு விலை தனியாக அறிவிக்கப்படுகிறது. வரகுக்கும் சாமைக்கும் தினைக்கும் எனத் தனி விலை இல்லை. சத்தீஸ்கர் மாநிலம் தன் பொறுப்பில் வரகுக்குக் குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் என விலை வைத்துக் கொள்முதலைத் தொடங்கியது.

உண்பவர்களின் ஊர்

ஜப்பானில் 1970-களில் தாய்மார்கள் சிலர் உழவர்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டு, விளைந்ததை விளைந்தபடி பகிர்ந்துகொள்ளும் தெய்கெய் என்ற கூட்டுறவை வளர்த்தார்கள்; பூச்சி துளைத்த கீரையும் அதில் அடக்கம், மழையில் இழந்த அறுவடையின் பங்கும் அடக்கம். உள்ளூர் உணவுச் சமூகம் என்று சொல்லப்படுவதன் உட்பொருள் இதுவே: உண்பவர் விலையை மட்டும் அல்லாமல் இழப்பிலும் ஒரு பங்கை ஏற்கிறார். சென்னை, கோவை போன்ற நகரங்களில் இயற்கை அங்காடிகள் ஓரளவு இதைச் செய்தாலும், பெரம்பலூர் உழவருக்கு நெடுந்தொலைவில் உள்ள நகரத்தின் நடுத்தர வர்க்கத்தை நம்பியிருப்பது தீவன ஆலையை நம்பியிருப்பதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல.

அருகிலேயே வாங்குவோரை உருவாக்குவதற்கான கட்டமைப்பு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் தரகர் இன்றி விற்கும் இடம் இரு மாவட்டத் தலைநகரங்களிலும் உண்டு. அங்கே இயற்கை விளைபொருளுக்கெனத் தனித் திண்ணை ஒதுக்குவது பெரிய செலவன்று. குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதியளிக்கும் பங்கேற்பு உத்தரவாதத் திட்டம், கட்டணச் சான்றிதழ் வாங்க இயலாத சிறு உழவர்களுக்கென்றே அமைந்தது. பெரம்பலூர் மாவட்டம் தேனூரில் இயங்கும் பயிர் தொண்டு நிறுவனம், உடல்நலம், கல்வி, ஊருக்குள்ளேயே வேலை தரும் சிறு தொழில் ஆகியவற்றை ஒரே நூலில் கோத்துப் பார்க்கும் நிறுவனமாகும்; வேளாண்மையைத் தனியே எடுத்துச் சீர்செய்ய முடியாது என்று கருதுவோர்க்கு அந்தப் பார்வை பயன்படும்.

அரசின் பக்கத்தில் 2023 மார்ச்சில் தமிழ்நாடு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியானது. அடுத்த ஆண்டு பசுந்தாள் உர விதை உள்ளிட்ட கூறுகளுடன் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டம் வந்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 2,481 கோடி ரூபாயில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இவை யாவும் வயலுக்குள் நுழையும் பொருளைப் பற்றியவையாகவே பெரிதும் உள்ளன. வயலைவிட்டு வெளியேறும் பொருளுக்கு உறுதியான வாங்குநர் யார் என்பதற்கு மிக அருகில் வரும் விடை வேளாண் துறையில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு மாநிலம் முழுவதும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் குழந்தைக்கு 50 கிராம் தானியம் என்பது அளவு. அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியங்களைச் சேர்க்கவும் அதில் இடமுண்டு.

ஐம்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு நாள் வரகுப் பொங்கலோ வரகுக் கிச்சடியோ சமைத்தால் ஒரு நாளைக்கு இரண்டரைக் கிலோ, வாரத்துக்கு ஐந்து கிலோ, நாற்பது பள்ளி வாரங்களுக்கு 200 கிலோ வரகரிசி வேண்டும். உமி நீங்கிப் பாதிக்குச் சற்று மேல் தேறும் என்று வைத்துக்கொண்டால் அதற்கு 400 கிலோவுக்குள் வரகு போதும். மானாவாரியில், நல்ல மட்கு சேர்ந்த மேட்டுநிலத்தில், அது ஏறத்தாழ ஒரு ஏக்கரின் விளைச்சல்.